ஒரு முழத் தூரத்தில் குழி

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஓர் ஊரே கூடி நின்று என்னைக் கெஞ்சியது. "தயவு செஞ்சு தோத்துருங்கய்யா!"

நான் தோற்பதற்கு இதுவரை யாரும் என்னைக் கெஞ்சியதில்லை. அந்தக் காரியத்தை யார் உதவியும் இல்லாமல் நானே செய்துகொள்வேன். சீட்டாட்டம், சடுகுடு, என் மனைவியோடு பேச்சு... எல்லாவற்றிலும் எனக்கு நல்ல பழக்கம். ஆனால் போன ஞாயிறு ஆடிய ஆட்டம் வேறு.

கோல்ஃப்!

சிரிக்க வேண்டாம். நான் மதுரையில் ஒரு பஞ்சாலையில் ஹெட் கிளார்க் என்பது இந்தப் பத்தியை விடாமல் படிக்கிறவர்களுக்குத் தெரியும். கோல்ஃப் குச்சியைத் தொடுகிற குலம் நாங்கள் இல்லை. பின்னே எப்படி நடந்தது? எல்லாம் என் கால் மரத்துப்போனதால் வந்த வினை.

ஏழு மாதத்துக்கு முன் எங்கள் மில்லுக்குப் புதுத் துரை வந்தார். வந்த வாரமே பஞ்சு குடோனில் தீ. ஆபீஸ் முழுக்க 'ஐயோ அப்பா' என்று ஓட்டம். நான் ஒருத்தன் மட்டும் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்து, எதிரே இருந்த லெட்ஜரை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் நின்று துரை அதைக் கவனித்தார். 'என்ன நிதானம்! என்ன நிதானம்!' என்று அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

நிதானமாவது ஒன்றாவது! நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுதுவது என் வழக்கம். இரண்டு காலும் இடுப்புவரை மரத்துக் கிடந்தன. எழுந்தால் குப்புற விழுந்திருப்பேன். அந்த ஐந்து நிமிஷத்தில் நான் மீனாட்சியிலிருந்து எங்கள் தெருமுனை முனியாண்டி வரை ஒருவரையும் பாக்கி விடாமல் கூப்பிட்டேன். தீ அணைந்த பிறகுதான் எனக்குக் கால் வந்தது.

ஆனால் பெயர் வந்துவிட்டதே! ஒருவனுக்கு நல்ல பெயர் வந்துவிட்டால் அதைக் காப்பாற்றுகிற கஷ்டம் இருக்கிறதே... கெட்ட பெயர் எவ்வளவோ தேவலை.

துரைக்கு வருஷக் கோப்பை மேட்ச் ஒன்று இருந்தது. திருச்சியிலிருந்து இரண்டு துரைமார் வருவார்கள்; இங்கிருந்து இருவர். ஒரு கட்சிக்கு ஒரே பந்து. ஒருவர் ஓர் அடி, கூட்டாளி மறு அடி என்று மாறி மாறி அடித்து, பந்தைக் குழியில் தள்ள வேண்டும். எங்கள் துரையின் கூட்டாளிக்கு மலேரியா. துரை என்னைக் கூப்பிட்டார்.

"அடிக்கக் கற்றுக் கொடுத்துவிடலாம். பதறாமல் இருக்கக் கற்றுக் கொடுக்க முடியாது. அது உன்னிடம் இருக்கிறது" என்றார்.

'சார், அது என் கால்' என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மேலதிகாரி பாராட்டும்போது குறுக்கே பேசுகிற பழக்கம் எங்கள் ஆபீஸில் கிடையாது.

மூன்று மாதம் பயிற்சி. இடம் எது தெரியுமா? ஆனையூரைத் தாண்டி ஒரு கண்மாய். ஆமாம், கண்மாயேதான். வறண்டு கிடக்கிற மாதங்களில் அதன் உள்வாய், அதாவது தண்ணீர் நிற்கிற இடம்தான் மைதானம். புல் கிடையாது. குழியைச் சுற்றி மணலில் எண்ணெய் ஊற்றிப் பிசைந்து, மிதித்து, பனைவெல்ல நிறத்தில் ஒரு வட்டம் போட்டிருப்பார்கள். மற்ற இடமெல்லாம் வண்டல் மண். கை போகிற அகலத்துக்கு வெடிப்பு வெடிப்பாகக் கிடக்கும். பந்து வெடிப்புக்குள் போனால் தோள்வரை கையை விட்டுத் துழாவ வேண்டும். ஒரு நாள் பந்துக்குப் பதில் தவளை வந்தது.

தூரத்துப் பந்தை நான் எப்படியோ தள்ளிவிடுவேன். வினையெல்லாம் குழி பக்கத்தில் வந்த பிறகுதான். ஒரு முழத் தூரம், குழந்தை கூடத் தள்ளிவிடும் என்கிற தூரம்... அங்கேதான் எனக்குக் கை வெடவெடவென்று ஆடும். ஏன் என்று நானும் யோசித்துப் பார்த்தேன். பெரிய காரியத்தில் தவறினால் 'பாவம், முயற்சி பண்ணினான்' என்பார்கள். சின்னக் காரியத்தில் தவறினால்? அதற்குச் சமாதானமே கிடையாது. பரீட்சையில் பெயில் ஆனவன் தலை நிமிர்ந்து நடக்கலாம். பந்தியில் பாயசத்தைச் சட்டையில் கொட்டிக்கொண்டவன் நடக்க முடியுமா?

ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். மூச்சைப் பிடித்துக்கொள் என்றார் ஒருவர், கண்ணை இருட்டியது. பத்து எண்ணு என்றார் இன்னொருவர். பத்து வந்ததும் எதற்கு எண்ணினேன் என்பதே மறந்துவிட்டது. "ஒன்றையும் நினைக்காதே" என்றார் துரை. இதை வீட்டில் போய்ச் சொன்னேன்.

"அது உங்களுக்குப் புதுசாக்கும்?" என்றாள் என் மனைவி.

மேட்ச் ஆவணியில் நடந்திருக்க வேண்டியது. திருச்சித் துரை ஒருவருக்குக் கால் சுளுக்கு, பிறகு இன்னொருவருக்குக் கல்யாணம் என்று தள்ளித் தள்ளி, கடைசியில் போன ஞாயிறு வைத்தார்கள். அங்கேதான் விஷயம் முற்றியது. அன்றைக்குத்தான் அந்தக் கண்மாய்க்கு வாய்க்கால் தண்ணீர் முறை!

முறை என்றால் பட்டணத்து வாசகர்களுக்குப் புரியாது; சொல்லிவிடுகிறேன். ஒரே வாய்க்காலில் பல ஊர்க் கண்மாய்கள். ஒவ்வோர் ஊருக்கும் ஒரு நாள் வரும். அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் அந்த ஊர்க்காரர்கள் வாய்க்காலிலிருந்து தங்கள் கண்மாய்க்குத் தண்ணீர் விடுகிற மடையைத் திறந்தாக வேண்டும். திறந்துவிட்டால் கண்மாய் நிறையும்வரை தண்ணீர் அவர்களுக்கு. திறக்காவிட்டால்? தேவையில்லை என்று அர்த்தம். முறை அடுத்த ஊருக்குப் போய்விடும். கெஞ்சினாலும் திரும்பாது.

ஆனால் மேட்ச் முடிகிறவரை மடையைத் தொடக்கூடாது என்று துரைமாரின் கோல்ஃப் கிளப்புக்கும் ஊருக்கும் ஒரு காகிதம் இருந்தது. ஊர் கைநாட்டு வைத்திருந்தது. ஆவணியில் முடிகிற ஆட்டம்தானே என்று வைத்த கைநாட்டு!

ஆகவே காலையிலிருந்தே ஊர் முழுக்கக் கரையில் வந்து உட்கார்ந்துவிட்டது. திருச்சித் துரைமாருக்கு ஒரே சந்தோஷம். கோல்ஃப் பார்க்க இவ்வளவு கூட்டமா என்று தொப்பியைத் தூக்கிக் காட்டினார்கள். பதிலுக்கு ஒருவர்கூடத் தலையை ஆட்டவில்லை. எல்லாரும் சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கூட்டத்திலிருந்து ஒருவன் மட்டும் இறங்கி வந்து என் கூடவே நடந்தான். தோளில் மண்வெட்டி. பெயர் சோணை. அந்தக் கண்மாய்த் தண்ணீருக்கு ஊர் வைத்த நீர்ப்பாய்ச்சி. மடையைத் திறப்பது, அடைப்பது, எந்த வயலுக்கு எவ்வளவு என்று விடுவது எல்லாம் அவன்தான். முதல் குழியில் என்னை 'ஐயா' என்று கூப்பிட்டான். இரண்டாவது குழியில் நான் அடித்த பந்து அவன் முழங்காலில் பட்டது. அதற்கப்புறம் 'அண்ணே' ஆகிவிட்டேன்.

"அண்ணே, இன்னும் எம்புட்டு குழி இருக்கு?"

"ஏழு."

"ஏழா! குழிக்கு ஒரு பந்தப் போட்டு மூடிட்டுப் போக வேண்டியதுதானண்ணே. எதுக்கு இந்தச் சுத்து?"

மூன்று மாதம் ஆடிய எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு.

ஆட்டம் இழுத்தது. நாங்கள் ஒரு குழி ஜெயித்தால் அவர்கள் ஒரு குழி. வெடிப்புக்குள் விழுந்த பந்தை எடுப்பதா, விடுவதா என்று துரைமார் அரைமணி நேரம் இங்கிலீஷில் வாதாடினார்கள். பக்கத்துத் தோட்டத்து எருமை ஒன்று ஐந்தாவது குழியின் மேல் படுத்துக்கொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றது. ஒரு முழத் தூரத்தில் மூன்று தடவை எனக்குப் பந்து வந்தது. மூன்று தடவையும் தவறவிட்டேன். ஒவ்வொரு தடவையும் துரை என் தோளைத் தட்டிக்கொடுத்தார். "தவறவிடும்போதுகூடப் பதறவில்லை பார்!" என்று திருச்சித் துரையிடம் பெருமையாகச் சொன்னார். என் முகம் செத்துப்போய் இருந்ததைத்தான் அவர் நிதானம் என்று நினைத்துக்கொண்டார்.

ஒன்பதாவது குழி. கடைசி. இரு கட்சியும் சமம். சூரியன் மேற்கே ஒரு பனை உயரத்தில் நின்றது.

திருச்சிக்காரர்கள் ஆறு அடியில் பந்தைக் குழியில் போட்டுவிட்டார்கள். எங்களுக்கு ஐந்தாவது அடி துரையுடையது. போயிருந்தால் கோப்பை எங்களுக்கு. உருண்டு உருண்டு வந்த பந்து, குழிக்கு ஒரு முழம் முன்னால் நின்றுவிட்டது. ஆறாவது அடி... வேறு யார்? நான்தான்.

"போனால் என்னண்ணே, போகலேன்னா என்ன?" என்றான் சோணை.

சொன்னேன். பந்து குழிக்குள் போகாவிட்டால் நாங்கள் தோற்றோம். ஆட்டம் அத்தோடு முடிந்தது. போய்விட்டால் சமம். சமம் ஆனால் முதல் குழியிலிருந்து மறுபடி ஆட வேண்டும்.

"மறுபடியுமா?"

"யாராவது ஒருவர் ஜெயிக்கிறவரை."

சோணை சூரியனைப் பார்த்தான். கரையைப் பார்த்தான். மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடினான். அவன் சொன்ன சேதி கரை முழுக்கப் பரவுவதைக் கண்ணால் பார்த்தேன். அப்புறம்தான் எல்லாரும் இறங்கி வந்து என்னைச் சுற்றி நின்றுகொண்டு கெஞ்சினார்கள். துரைமார் நால்... மன்னிக்கவும், மூவர்தான், நாலாவது ஆள் நான். அந்த மூவரும் ரசிகர்கள் உற்சாகப்படுத்துகிறார்கள் என்று நினைத்துச் சிரித்தபடி விலகி நின்றார்கள்.

பேச்சியம்மாள் என்று ஒரு பெண் முன்னால் வந்தாள். நடுவயசு. இடுப்பில் செருகிய சேலை செருகியபடியே இருந்தது.

"நாத்து முத்திருச்சுய்யா. இன்னிக்குத் தண்ணி வரலேன்னா மாட்டுக்குத்தான் அறுத்துப் போடணும். விதைநெல்லு வாங்க இனி என்கிட்ட ஒண்ணுமில்ல. புள்ளைகளுக்கு நான் என்னத்தக் காச்சி ஊத்துவேன்?"

என்ன மானங்கெட்ட ஆட்டம் ஆடிக்கொண்டிருக்கிறோம் என்று வெட்கமாக இருந்தது.

சோணைதான் சமாதானம் சொன்னான். "ஏத்தா, பதறாத. அண்ணன நான் காலையிலருந்து பாக்குறேன். மூணு தடவை இதே தூரம். மூணும் வெளிய. அண்ணே, நீங்க ஒண்ணும் மெனக்கெட வேணாம். இம்புட்டு நேரம் எப்பிடி அடிச்சீகளோ அப்பிடியே அடிங்க. அது போதும்."

இப்படி ஒரு நம்பிக்கையை என் மேல் யாரும் வைத்ததில்லை.

முடிவு பண்ணிவிட்டேன். தவறவிடப் போகிறேன். துரைக்குத் துரோகம்தான், வேலைக்கே உலை வைக்கலாம். போகட்டும். பந்தின் முன்னால் போய் நின்றேன். அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது. கை நடுங்கவில்லை! மூச்சு சீராக வந்தது. வியர்வை இல்லை. எத்தனை பேர் எத்தனை வைத்தியம் சொன்னார்கள்... ஜெயிக்க வேண்டாம் என்று நினைத்தால் போதும் என்று ஒருவராவது சொன்னார்களா? குழிக்கு வலது பக்கமாக இரண்டு விரற்கடை தள்ளிக் குறி வைத்தேன். மெதுவாகத் தட்டினேன். நான் நினைத்த இடத்துக்கு, நான் நினைத்த வேகத்தில், என் வாழ்க்கையிலேயே முதல்முறையாக ஒரு பந்து போயிற்று.

போய்... லேசாக இடது பக்கம் திரும்பி... குழிக்குள் விழுந்துவிட்டது.

சோணை தலையில் அடித்துக்கொண்டான்.

"அட என்னண்ணே நீங்க! அந்த எடத்துல ஓட்டம் எடப்பக்கமால்ல இருக்கு! தண்ணி அப்பிடித்தான போகும்! ஒரு வார்த்தை என்னையக் கேட்டிருக்கக் கூடாதா?"

கேட்டிருக்கலாம். அந்தக் கண்மாயில் எந்த அங்குலம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று தெரிந்த ஒரே மனிதன் காலையிலிருந்து என் பக்கத்திலேயே நடந்திருக்கிறான். நான் அவனிடம் மணி என்ன என்று கூடக் கேட்கவில்லை.

துரை ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். "தெரியும்! எனக்குத் தெரியும்! உன்னால் முடியும்!" என்றார். அவர் தோளுக்கு மேலே பேச்சியம்மாளின் முகம் தெரிந்தது. "நல்லா இருப்பியா நீ?" என்றாள். அந்த வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது.

துரைமார் முதல் குழியை நோக்கி நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். இவர்களுக்கு ஒரு குழிக்கு அரைமணி நேரம். சூரியன் பனையின் கழுத்துக்கு இறங்கிவிட்டது. "அண்ணே, அவுககிட்ட நீங்கதான் பேசணும். எங்களுக்குப் பாசை தெரியாதுல்ல" என்றான் சோணை.

அவனுக்குப் பாஷை தெரியாது. எனக்குத் தைரியம் கிடையாது. மடையைத் திறக்க விடுங்கள் என்று கேட்டால் துரை என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். 'காகிதம் இருக்கிறதே' என்பார். கெட்ட மனிதரில்லை, ஆனால் காகிதத்தில் இருப்பதைத் தாண்டி யோசிக்க மாட்டார். அப்படியானால் வேறொரு காகிதம்தான் வேண்டும்.

சட்டென்று நினைவு வந்தது. கிளப்புச் சுவரில் ஒட்டுவதற்காகக் கோல்ஃப் விதிகளை ஐந்து காப்பி டைப் அடித்தவன் நான்தானே! ஓடிப்போய்த் துரையின் முன்னால் நின்றேன்.

"சார், ஒரு விதி இருக்கிறது. மைதானத்தில் தற்காலிகமாகத் தண்ணீர் வந்தால் அது ஆட்டக்காரர்களின் குற்றமில்லை. தண்டனை இல்லாமல் பந்தைக் கையில் எடுத்துக்கொள்ளலாம். ஆடவே முடியாவிட்டால், தண்ணீர் வடிகிறவரை ஆட்டத்தை நிறுத்தி வைக்கலாம். யாரும் தோற்றதாக ஆகாது. ஆகவே இவர்கள் மடையைத் திறந்தாலும் ஆட்டத்துக்குக் கெடுதல் இல்லை, சார்."

துரையின் கண் கலங்கிவிட்டது. "இந்த ஊரில் விதிகளைப் படித்த ஆள் ஒருவன் இருக்கிறானே!" என்றார். திருச்சித் துரைமாரைக் கூப்பிட்டுக் கலந்து பேசினார். விதிதானே, ஆட்சேபணை இல்லை என்றார்கள். உயரமான துரை மட்டும் ஒரு விரலைத் தூக்கினார்.

"தற்காலிகத் தண்ணீருக்குத்தான் அந்த விதி. இது தற்காலிகமா?"

நியாயமான கேள்வி. எங்கள் துரை வந்தது மாசியில். கண்மாயை வறண்ட கோலத்தில் மட்டுமே பார்த்தவர். "அந்த மண்வெட்டிக்காரனைக் கேள்" என்றார் என்னிடம்.

"சோணை, இந்தத் தண்ணி எம்புட்டு நாள் நிக்கும்?"

"மழையும் கை கொடுத்துச்சுன்னா மாசி வரைக்கும் நிக்கும்ணே. நெல்லு அறுத்துட்டு உளுந்தும் போட்டுக்கிடலாம்."

எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். மூன்று துரைமார், ஓர் ஊர், மேற்கே பாதி முங்கிப்போன சூரியன்.

நான் துரையின் கண்ணை நேராகப் பார்த்தேன்.

"கொஞ்ச நேரம்தான் நிற்குமாம், சார்."

சத்தியமாகச் சொல்கிறேன், குரல் பிசிறவில்லை. கை நடுங்கவில்லை. கால்கூட மரத்திருக்கவில்லை.

சோணை ஓடினான். வாய்க்கால் மடை திறந்தது. வெடிப்பு வெடிப்பாகக் கிடந்த மண் தண்ணீரைக் குடிக்கிற சத்தம் எங்களுக்குக் கேட்டது. பெண்கள் குலவை போட்டார்கள். தனக்காகத்தான் என்று நினைத்து உயரத் துரை தொப்பியைக் கழற்றி வணங்கினார். பேச்சியம்மாள் என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். என்னால் பார்க்க முடியவில்லை. திரும்பிக்கொண்டு குச்சியைத் துடைத்தேன்.

இதை எழுதுகிற இன்று கண்மாயில் கழுத்தளவுத் தண்ணீர். பேச்சியம்மாள் வயலில் நடவு முடிந்துவிட்டதாம். கண்மாய்க்குப் போகிற வண்டிப்பாதை சேறாகிவிட்டதால் துரையின் கார் அந்தப் பக்கம் போக முடியாது. ஆட்டம் விதிப்படி நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. துரைக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. ஆகவே நீங்களும் வாயைத் திறக்காதீர்கள்.

தினமும் ஆபீசுக்குள் நுழைந்ததும் அவர் என்னிடம் முதலில் கேட்பது ஒன்றுதான். "வடிந்துவிட்டதா?"

"இதோ, சார். இன்னும் கொஞ்ச நேரம்."